அந்தச் சக்கரத்தை நம்பி இறங்காதே

கண்ணு, நீ எங்கே இருந்தாலும் சரி, வண்டியில் ஏறாதே. பின்சக்கரத்தில் பல்சக்கரம் கழலாமல் பூட்டுவதற்கு நான் கடைந்து போட்ட லாக் ரிங் தப்பு. மேடு ஏறும்போது அது இறுகிக்கொண்டேதான் போகும், உனக்கு வித்தியாசமே தெரியாது. இறக்கத்தில் காலைப் பின்னால் அழுத்தி நீ வேகத்தைக் குறைக்கப் பார்க்கிறபோது, பல்சக்கரமும் ரிங்கும் சேர்ந்து கழன்றுவிடும். அப்புறம் உன் காலுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இருக்காது. வேறு பிரேக்கும் உன் வண்டியில் கிடையாது. இந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிற சைக்கிள்காரப் பிள்ளைகளே, உங்கள் எல்லோரையும் கும்பிட்டுக் கேட்கிறேன். என் பையன் கோத்தகிரியில் யார் வீட்டில் தங்கியிருக்கிறான் என்று தெரிந்தால் உடனே போய் அவனைப் பிடித்து நிறுத்துங்கள். உங்களுக்கு இந்தப் பத்தி போதும். மிச்சம் அவனுக்கு. நீங்களும் படித்தால் படியுங்கள், மறைப்பதற்கு இனி என்னிடம் ஒன்றும் இல்லை.

இதைச் சுருக்கமாக நேற்றுச் சாயங்காலமே குழுவில் போட்டுவிட்டேன். உன் கூட்டாளி ரஃபீக்தான் என்னை உள்ளே சேர்த்துவிட்டான். எத்தனையோ பேர் கைகூப்புகிற பொம்மை அனுப்பியிருக்கிறார்கள், ஆனால் நீ இருக்கிற இடம் ஒருவருக்கும் தெரியவில்லை. ரைடு முடியும்வரை போனைத் தொடமாட்டேன் என்கிற உன் வைராக்கியம் வேறு. அம்மா வீட்டில் உட்கார்ந்து உன் நம்பரையே போட்டுக்கொண்டிருக்கிறாள். "ஏனுங்க, ரிங்கே போகலீங்க" என்று எனக்குச் சொல்வதற்கு மட்டும் இடையில் நிறுத்துகிறாள். நான் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் ரோட்டில், கடைகள் முடிந்து வளைவுகள் தொடங்குகிற இடத்தில், ஒரு சிறு பாலத்தின் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருக்கிறேன். விடிந்துவிட்டது. ஆனால் பனிமூட்டம் அப்படியே நிற்கிறது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தேயிலைச் செடிகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. "பனி விலகாம நான் எறங்கவே மாட்டேனுங்கம்மா, பயப்படாதீங்க" என்று போன தடவை நீ அம்மாவிடம் சொன்னாயாம். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். பனி விலகும்வரை எனக்கு வேலை இல்லை, கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். நம் வீட்டில் பேசுவது தெலுங்கு, எனக்கு எழுதத் தெரிந்ததோ தமிழ் மட்டும். நைனா என்று நீ கூப்பிடுவதைத் தவிர நம் பேச்சையெல்லாம் தமிழாகவே போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நேற்று நீ கிளம்பிப் போனபிறகு பட்டறையில் நான் நல்ல குஷியில் இருந்தேன். நம் கணபதி ஏரியா முழுக்கக் கேட்கிற மாதிரி ரேடியோ வைத்திருந்தேன். மத்தியானம் அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கிணற்று மோட்டாரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். "ஏனுங்க, நல்லா ஓடிட்டிருந்துச்சுங்க. திடீர்னு உள்ள கடமுடான்னு சத்தம். தண்ணியே வரலீங்க" என்றார். பிரித்துப் பார்த்தேன். உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற விசிறியைப் பிடித்து நிற்கும் நட்டு கழன்று கிடந்தது, விசிறி பம்பின் கூட்டையே சுரண்டித் தின்றிருந்தது. எனக்குப் புரிந்துபோனது. "ஸ்டார்ட்டர் மாத்துனீங்களா?" என்றேன். "ஆமாங்க, ஆளைக் கூப்பிடாம நானேதான் மாத்துனேன்" என்றார். நான் சும்மா விடுவேனா? பத்துப் பேருக்குக் கேட்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டேன். "ஒயரை மாத்திக் குடுத்துப்போட்டீங்க. மோட்டார் பின்னால சுத்திருக்குது. முன்னால சுத்துனா இறுகற நட்டு, பின்னால சுத்துனா கழண்டுக்கும். இதுகூடவா தெரியாது?" அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்ன வார்த்தை அப்போதுதான் என் காதிலேயே விழுந்தது. பின்னால் சுற்றினால் கழன்றுகொள்ளும். கையில் இருந்ததை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. உன் சக்கரம் கண்முன்னால் வந்து நின்றது.

கண்ணு, சக்கரத்தின் நடுவில் வருகிற ஹப்புக்கு நீ வரைந்து கொடுத்த படம் சரி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல்சக்கரம் ஏறுகிற இடத்தில் வலப்பக்கம் திருப்பினால் இறுகுகிற சாதாரண மரை. அதற்கு வெளியே ரிங் ஏறுகிற சின்னப் படியில் இடப்பக்கம் திருப்பினால் இறுகுகிற மரை. சிவப்பு மையில் அம்புக்குறி போட்டு, அடியில் கோடும் இழுத்திருந்தாய். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். படித்த பிள்ளை, ஒரே ஹப்பில் ரெண்டு விதமாக மரை போட்டிருக்கிறானே, அவசரத்தில் மாற்றி வரைந்துவிட்டான் என்று நினைத்தேன். என் கையில் ஏறி இறங்கியதெல்லாம் பம்பு. பம்பு ஒரே திசையில்தான் சுற்றும், அந்தத் திசையில் எது இறுகுமோ அந்த மரையைத்தான் போடுவோம். சக்கரம் முன்னால்தானே போகிறது, அப்புறம் எதற்கு இடது மரை? ரெண்டையும் வலது மரையாகவே வெட்டிவிட்டேன். கோயமுத்தூர்ப் பட்டறைக்காரன் எவனிடம் வேண்டுமானாலும் கேட்டுப்பார். படத்தில் இருப்பதை அப்படியே கடைந்து கொடுத்தால் அவனுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. தன் பங்குக்கு ஒரு இடத்திலாவது திருத்தினால்தான் வேலை செய்த மாதிரி இருக்கும். அந்த வியாதி எனக்கு முற்றிப்போன வியாதி.

திருத்தியதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். அங்கேதான் என் தலையெழுத்து இருக்கிறது. நீ படத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன அன்றைக்கு அம்மா என்னைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டாள். "ஏனுங்க, இத்தனை மாசங்கழிச்சு அவனா வந்து உங்ககிட்ட ஒண்ணு கேட்டிருக்கறான். இந்த ஒரு தடவையாச்சும் கொறை சொல்லாம செஞ்சு குடுங்க. நொட்டை சொல்லி அவனை மறுபடியும் வெளிய அனுப்பிப்போடாதீங்க" என்றாள். கண்ணில் தண்ணீரோடு சொன்னாள். நானும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன். உன் படத்தில் தப்பு இருக்கிறது என்று சொன்னால் உன் முகம் சுண்டிவிடும், அதற்குப் பதிலாகச் சத்தமில்லாமல் நானே சரிசெய்துவிடலாம், பையனுக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்தேன். உன்னை வளர்த்த காலம் முழுக்க நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது அந்த ஒரு தடவைதான்.

நாம் ஏன் அத்தனை மாதம் பேசாமல் இருந்தோம் என்பதை உன் கூட்டத்துப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும். சரவணம்பட்டியில் ஏசி ரூமில் உட்கார்ந்து செய்கிற வேலையை விட்டுவிட்டு வந்து, உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் சைக்கிள் பிரேம் பொறுக்க ஆரம்பித்தாய். ரஃபீக்கோடு சேர்ந்து கோட்டைமேட்டில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அவன் பற்றவைப்பான், நீ சக்கரம் கோர்ப்பாய். கேரியரைக் கழற்றினாய், ஸ்டாண்டைக் கழற்றினாய், மட்கார்டைக் கழற்றினாய், கடைசியில் பிரேக்கையும் கழற்றினாய். "ஊரே கியர் வெச்ச வண்டி வாங்குது, எம்பையன் இருக்கறதையெல்லாம் கழட்டிப்போட்டு விக்கறான்" என்று நான் போகிற கல்யாணத்தில் எல்லாம் சொல்லிச் சிரித்தேன். மற்றவர்களும் சிரித்தார்கள். அது உன் காதுக்கு வந்துசேர்ந்ததை நீ என்னிடம் சொல்லவில்லை, ரஃபீக்தான் நேற்றுச் சொன்னான்.

அப்புறம் அந்தச் சண்டை. மட்கார்டு கிடக்கட்டும், பிரேக்கை ஏன் கழற்றினாய் என்று கேட்டேன். "விக்கற வண்டிக்கெல்லாம் முன் பிரேக்கு போட்டுத்தானுங்க குடுக்கறோம். இது என்னோட வண்டி. கால்தானுங்க பிரேக்கு" என்றாய். "காலு நடக்கறதுக்கு இருக்குது, பிரேக்குக்கு இல்ல" என்றேன். "ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டுப் பேசுங்க நைனா" என்றாய். நீ சொன்னது நியாயமான பேச்சு. நான் அதற்குப் பதிலாக ஒரு வார்த்தை சொன்னேன். எந்த அப்பனும் மகனைப் பார்த்துச் சொல்லக்கூடாத வார்த்தை. அதை இங்கே எழுதமாட்டேன், உனக்கு மறந்திருக்காது. அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். நீ துணியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கே குடிபோய்விட்டாய். நேற்று மத்தியானத்திலிருந்து அந்த வார்த்தைதான் என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது. கோபத்தில் வருவதெல்லாம் மனதில் இருப்பது இல்லை, கண்ணு. அது பலித்துவிடக்கூடாது என்று பஸ்ஸில் வரும்போது வழியில் தெரிந்த கோயிலுக்கெல்லாம் கும்பிட்டுக்கொண்டு வந்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நீ போனபிறகு ஒருநாள் உன் கொட்டகைக்கு வந்தேன். நீ டயர் வாங்கப் போயிருந்தாய். "அங்கிள், உக்காருங்க, வந்துருவான்" என்றான் ரஃபீக். நான் உட்காரவில்லை. பிரேக் இல்லாத உன் வண்டியை எடுத்துச் சந்தில் ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் போனது, மறைக்கமாட்டேன், வெண்ணெய் மாதிரி போனது. என்ன ஒரு அமைதி. மிதிக்காதபோது சக்கரத்தைத் தனியாக ஓடவிடுகிற பிரீவீல் இல்லாததால் அந்த டிக்டிக் சத்தமே இல்லை. சந்து முனையில் பழக்கத்தில் மிதிப்பதை நிறுத்தினேன் பார், பெடல் நிற்கவில்லை, என் காலைச் சேர்த்துச் சுழற்றித் தூக்கிச் சாக்கடை ஓரத்தில் வீசியது. ரஃபீக் ஓடிவந்து தூக்கினான். "அவங்கிட்ட சொல்லிப்போடாதே" என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். வீட்டில் பட்டறைப் படியில் வழுக்கிவிட்டதாகச் சொன்னேன். முட்டி வீங்கி எத்தனையோ நாள் நொண்டினேன். அந்தச் சக்கரம் காலை எப்படி இழுக்கும், கால் அதை எப்படிப் பின்னால் பிடித்து நிறுத்தவேண்டும் என்பது என் முட்டிக்குத் தெரிந்திருந்தது. அப்படியும் லேத்தில் நின்றபோது இந்தக் கைக்கு அது ஞாபகம் வரவில்லை. கால்தான் பிரேக் என்று நீ ஓயாமல் சொன்னாயே, அதை நான் சண்டைக்குப் பதில் தேடுவதற்காக மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

முந்தாநாள் சாயங்காலம் ஹப்பை வாங்கிச் சக்கரம் கோர்த்து, பெண்டு எடுத்து, வண்டியோடு பட்டறைக்கே கொண்டுவந்தாய். பல்சக்கரத்தையும் ரிங்கையும் நான்தான் மாட்டுவேன் என்று அடம்பிடித்தேன். நீளமான ஸ்பேனரைப் போட்டு என் பலம் முழுக்க இறுக்கினேன். "நான் போட்ட மாதிரியேதானுங்களே நைனா? வெளி மரை லெப்ட்தானுங்களே?" என்று கேட்டாய். "அதே மாதிரிதான் சாமி, எல்லாம் சரியா இருக்குது" என்றேன். கூசாமல் சொன்னேன். உடனே சந்தனத்தைக் குழைத்து அந்த ரிங்கின் மேலேயே அப்பி, குங்குமம் வைத்தேன். முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். இதெல்லாம் உனக்குப் பிடிக்காது, ஆனால் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே பழத்தை ஏற்றி நசுக்கினாய். நீ ஒரு வண்டியை முழுக்கக் கழற்றிப் பார்க்காமல் ரோட்டுக்கு எடுக்கிறவன் இல்லை. ரஃபீக் பற்றவைத்ததைக்கூட விளக்கு அடித்துப் பார்ப்பவன். அந்த ரிங்கில் மட்டும் நீ ஸ்பேனர் போடவில்லையாம், ரஃபீக் சொன்னான். நைனா பொட்டு வைத்துவிட்டார், அதைப்போய்க் கழற்றினால் மனசு சங்கடப்படும் என்று விட்டுவிட்டாய். எனக்கு நீ கொடுத்த மரியாதைதான் இப்போது உன் சக்கரத்தில் இருக்கிறது.

நேற்று ரஃபீக்கிடம் ஓடிப்போய்ச் சொன்னபோது அவன் முதலில் நம்பவில்லை. "அங்கிள், லெப்ட் திரெட்டுன்னு நானே அவன்கூட உக்காந்து வரைஞ்சனே" என்றான். "நான் ரைட்டாவே வெட்டிப்போட்டேன்" என்றேன். "யா அல்லா" என்று அப்படியே கொட்டகைத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் அவன்தான் தெளிந்து எழுந்தான். சமதளத்தில் லேசாகப் பிடிப்பதை அது தாங்கிவிடும், ஏறும்போதும் பயமில்லை, இன்றைக்கு ராத்திரி மேலேதான் தங்குவான், நாளைக்கு இறங்குவதற்குள் பிடித்துவிடலாம் என்றான். ஆனால் நீ கோத்தகிரி ரோட்டில் நேராக இறங்குவாயா, குன்னூருக்குப் போய் அந்த வழியாக இறங்குவாயா என்பது அவனுக்கும் தெரியவில்லை. அதனால் அவன் பைக்கை எடுத்துக்கொண்டு குன்னூர் ரோட்டுக்குப் போனான். நான் பஸ் ஏறி இங்கே வந்தேன். இருட்டுவதற்குள் கண்ணில் பட்ட லாட்ஜ், பேக்கரி எல்லாவற்றிலும் ஏறி இறங்கினேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ போடுகிறவர்தான், "கியரில்லாத சைக்கிள்காரருங்களா? மத்தியானம் பார்த்தனுங்க. டீ குடிச்சிட்டு, எஸ்டேட்ல பிரண்டு வீடு இருக்குதுன்னு சொல்லிட்டுப் போனாரு" என்றார். எந்த எஸ்டேட் என்று அவருக்குத் தெரியவில்லை. இந்த மலையில் எஸ்டேட்டுக்கா பஞ்சம். நீ நல்லபடியாக ஏறி வந்துவிட்டாய், டீ குடித்தாய் என்று கேட்டதும் அவர் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏறியது அந்த ரிங்கை இன்னும் இறுக்கித்தான் இருக்கும், அதுதான் பயமே. வலுவாக இருக்கிறது என்று நீ முழுசாக நம்பியிருப்பாய்.

பனி இன்னும் அசையவில்லை. கீழே போகிற காரட் லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு ஹாரன் அடித்தபடியே போகின்றன. ஒவ்வொரு லாரியைப் பார்க்கும்போதும் அதன் பின்னால் நீ நிறுத்தமுடியாமல் வருகிற மாதிரி தோன்றுகிறது, எழுந்து நின்று பார்த்துவிட்டு மறுபடி உட்காருகிறேன். பையில் ரஃபீக் கொடுத்த முன் பிரேக் ஒரு செட் இருக்கிறது, கேபிளும் ஸ்பேனரும் இருக்கின்றன. அம்மா கட்டிக்கொடுத்த அரிசிம்பருப்புச் சாதம் நேற்றிலிருந்து அப்படியே இருக்கிறது. "அவனுக்குக் குடுங்க, நீங்க கடையில சாப்புட்டுக்கங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள். கெட்டுப்போயிருக்கும் என்று தெரிகிறது, தூக்கிப்போட மனசு வரவில்லை.

அப்பன் கடிதம் என்றால் புத்தி சொல்லவேண்டும் அல்லவா, சொல்கிறேன். புத்தி சொல்கிற யோக்கியதை போனபிறகுதான் சொல்லத் தோன்றுகிறது. யார் சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் கழற்றிப் பார். சொன்னது நானாக இருந்தால் ரெண்டு தடவை கழற்றிப் பார். பொட்டு அழிந்தால் வேறு பொட்டு வைத்துக்கொள்ளலாம். யாராவது உன்னிடம் ஒரு படத்தைக் கொடுத்தால், அது தப்பு என்று உனக்குத் தோன்றினால், முகம் சுண்டினாலும் பரவாயில்லை, கேட்டுவிடு. நான் உன்னைத் திட்டியபோதெல்லாம் நீ பத்திரமாக இருந்தாய், திட்டாமல் இருந்த அன்றைக்குத்தான் உன்னை இப்படி அனுப்பினேன். அதற்காகத் திட்டுவது நல்லது என்று சொல்லவரவில்லை. திட்டவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம், கேட்டிருந்தால் போதும். "நைனா, பின்னால அழுத்தும்போது அது கழண்டுக்குமுங்க, அதுக்குத்தான் லெப்ட்டு" என்று நீ ஒரே வரியில் சொல்லியிருப்பாய். எனக்கும் ஒரே வரியில் புரிந்திருக்கும். அந்த ஒரு வரியை உன்னிடம் கேட்டு வாங்க என்னால் முடியவில்லை. "நீங்க ரெண்டு பேருமே ஒத்தை கியருதானுங்க, மாத்தவே தெரியாது" என்று அம்மா கிண்டல் பண்ணுவாள். உன்னுடையதாவது நீயே பார்த்துப் பொறுக்கிப் போட்டது. என்னுடையது மாட்டிக்கொண்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தைப் பற்றி இனி உன்னை நச்சரிக்கமாட்டேன். வேலைக்குத் திரும்பிப் போ என்றும் சொல்லமாட்டேன். நீ நல்லபடியாகக் கீழே வந்துசேர்ந்தால், பட்டறையில் ஜன்னல் பக்கத்து லேத்தை உனக்கே விட்டுவிடுகிறேன். நீயும் ரஃபீக்கும் படம் வரையுங்கள், நான் கடைகிறேன், கேள்வி கேட்டுக் கடைகிறேன். உன் வண்டிக்குப் பிரேக் வேண்டாம் என்றால்கூடச் சண்டை போடமாட்டேன். இல்லை, இது பொய். சண்டை போடுவேன். கட்டாயம் போடுவேன். இன்றைக்கு மட்டும் தப்பிவிடு, அப்புறம் ஆயுசு முழுக்கச் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

உனக்கு நான் சைக்கிள் பழக்கிய விதம் நினைவிருக்கிறதா? பட்டறைச் சந்து மேலே பள்ளிக்கூடத்திலிருந்து கீழே நம் கதவு வரைக்கும் சரிவு. உன் சின்ன வண்டியில் பிரேக் கட்டை தேய்ந்துபோயிருந்தது. ஊருக்கெல்லாம் பம்பு பார்க்கிறவனுக்குத் தன் பையனின் பிரேக் கட்டையை மாற்ற நேரமில்லை. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். கால் தரையில் எட்டாது உனக்கு. அதனால் நான் கதவுக்கு முன்னால் காலை அகட்டிக்கொண்டு நிற்பேன். "பயப்படாதே கண்ணு, நேரா எம்மேல வா" என்பேன். நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நேராக வந்து என் வயிற்றில் மோதி நிற்பாய். ஹேண்டில்பாரோடு சேர்த்து உன்னைக் கட்டிப் பிடித்துக்கொள்வேன். சட்டையில் டயர் கறை பார்த்து அம்மா ரெண்டு பேரையும் வைவாள். நீ உடனே வண்டியைத் திருப்பிக்கொண்டு, "இன்னொருக்கா நைனா" என்று மேலே தள்ளிக்கொண்டு ஓடுவாய். ஒரு தடவைகூட நீ ஹேண்டிலை ஒடித்து வேறு பக்கம் திருப்பியதில்லை. நான் நகர்ந்துவிடுவேனோ என்று உனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

எதிர்ப் பக்கத்துத் தேயிலைச் செடி தெரிய ஆரம்பித்துவிட்டது. இப்போது அதற்கு மேலே இருக்கிற சில்வர் ஓக் மரமும் தெரிகிறது. பனி விலகுகிறது கண்ணு. ரஃபீக் இப்போதுதான் கூப்பிட்டான், குன்னூர்ப் பக்கம் உன்னைக் காணவில்லையாம். அப்படியானால் நீ இந்த வழியாகத்தான் வருவாய். இனி நான் போனைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உன் வண்டிக்குச் சத்தம் கிடையாது, தலையைக் குனிந்திருந்தால் நீ என்னைக் கடந்துபோவதுகூடத் தெரியாது.

இதைக் குழுவில் போட்டுவிட்டு ரோட்டில் இறங்கி நிற்கப்போகிறேன். தூரத்தில் நீ தெரிந்ததும் கையை ஆட்டிக் கத்துவேன். அதற்குள் ரிங் கழன்றிருந்தால், கால் சும்மா சுற்றினால், பள்ளத்துப் பக்கம் திருப்பாதே, லாரிப் பக்கமும் போகாதே. நான் நடு ரோட்டில் காலை அகட்டிக்கொண்டு நிற்பேன். வயசாகிவிட்டதே, தாங்குவாரா என்று யோசிக்காதே, வளைத்துக்கொண்டு போகப் பார்க்காதே. நேரா எம்மேல வா.